கண்ணை மூடச் சொன்ன வகுப்பு

1

சிங்கப்பூருக்கு வந்து சில மாதங்களுக்கு முன் இருபது வருஷம் முடிந்தது. கம்பெனியில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதே வாரத்தில் ஒரு மின்னஞ்சலும் வந்தது. சான்றிதழ் அலமாரிக்குள் போய்விட்டது. மின்னஞ்சல்தான் என்னை இதை எழுத வைத்திருக்கிறது.

தீவின் மேற்குக் கோடியில் கப்பல் பழுது பார்க்கும் ஒரு தளத்தில் அப்போது நான் சூப்பர்வைசர். வீடு புக்கிட் மேராவில். விடியும் முன்பே கம்பெனி பஸ், நாள் முழுக்க வெயிலும் இரும்பும், பிறகு அதே பஸ்ஸில் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு வீடு. ஊரிலிருந்து போனில் "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பு இருப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே கேட்பதில்லை.

தலைவர்களுக்கு மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி என்றது மின்னஞ்சல். பத்துப் பேரை வேலை வாங்குகிறவனை இங்கே தலைவன் என்கிறார்கள். மைண்ட்ஃபுல்னஸ் என்றால், நடந்ததையும் நடக்கப்போவதையும் விட்டுவிட்டு இந்த நிமிஷத்தை மட்டும் கவனிக்கிற பழக்கம். சூப்பர்வைசர்கள் எரிந்து விழுகிறார்கள் என்று தளத்தில் புகார் அதிகமாகியிருந்தது. எங்களை அமைதிப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. அரை நாள் வீதம் இரண்டு வகுப்பு, நடுவில் இரண்டு வாரம் இடைவெளி.

முதலில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். இந்த ஊரில் தும்முவதற்கும் ஒரு படிவம் இருக்கும். பெயர், வேலை எண், சைவமா ஹலாலா எல்லாம் நிரப்பிவிட்டேன். கடைசிக் கேள்வியில் ஒரு சொல் புரியவில்லை. மகள் கயலைக் கேட்டேன். அவளுக்குப் பதினாறு வயது, இங்கேயே வளர்ந்தவள், பேச்சின் வாலில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"கயல், அக்சஸிபிலிட்டின்னா என்னம்மா?"

போனிலிருந்து தலையைத் தூக்காமல் என்னவோ சொன்னாள்.

"என்னது?"

"ஐயோப்பா! ஸ்பெஷல் ஹெல்ப் எதாச்சும் வேணுமான்னு கேக்குறாங்க. வீல்சேர், கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, அந்த மாதிரி லா. யூ டோன்ட் நீட்."

தேவையில்லை என்ற கட்டத்தை அழுத்தினேன்.

அது பொய். என் இடது காது ஏறக்குறைய செத்துவிட்டது. வலது காதில் தடித்த குரல்கள் விழும், மெல்லிய ஓசை எதுவும் விழாது. வருஷா வருஷம் கம்பெனியில் காதைப் பரிசோதிப்பார்கள். கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தைத் திருகும் பெண்ணின் தோள் லேசாக அசையும். அந்தத் தோளைப் பார்த்தே பல வருஷமாகத் தேறி வந்திருக்கிறேன். மனைவி செல்விக்குக்கூடச் சொன்னதில்லை.

2

ஏன் மறைத்தேன் என்று கேட்டால் ஆரோக்கியம் என்ற மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாலிடெக்னிக் முடித்ததும் திருச்சிக்கு வெளியே ஒரு கொதிகலன் பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். கூரைக்குக் கீழே இருபது கிரைண்டர் ஒன்றாக ஓடும். கோணிய தகட்டைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்துவார்கள். காதில் பஞ்சு வைத்தால் சிரிப்பார்கள் என்று யாரும் வைப்பதில்லை. ஆரோக்கியம் அங்கே ஃபிட்டர். நாற்பது வயதிருக்கும். கைவேலையில் கெட்டிக்காரர், காது சுத்தமாகப் போயிருந்தது. டமாரம் என்பார்கள். நேரில் வைத்தே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவருக்கோ கேட்காது.

நானும் கூப்பிட்டிருக்கிறேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கெட்ட வார்த்தையில் திட்டுவேன். அவர் குனிந்து வேலை செய்துகொண்டே இருப்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது.

ஒருநாள் எஞ்சினியர் சொன்ன அளவை அவர் தப்பாகக் கேட்டுத் தகட்டை வெட்டிவிட்டார். மறுவாரம் அவரை வாசலில் சைக்கிள் டோக்கன் கொடுக்கும் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் சிங்கப்பூர் கிளம்பிய அன்றும் அங்கேதான் இருந்தார். டோக்கனை நீட்டும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

காது மங்குகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஸ்டூல்தான் கண்ணில் நிற்கிறது.

3

வகுப்பு ஃபேரர் பார்க் வட்டாரத்தில், கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடியில். கீழே லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே குளிரூட்டிய அறை, மங்கிய விளக்கு, தரையில் மெத்தைகள். சூப்பர்வைசர்கள் பதினான்கு பேர். பயிற்சி கொடுத்தவர் சுசீலா. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், நாற்பதைத் தாண்டியவர். ஆங்கிலத்தில்தான் நடத்தினார். குரலோ பூனை நடப்பதுபோல அவ்வளவு மெதுவாக இருந்தது. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த வரையில் சமாளித்தேன்.

பிறகு கண்களை மூடச் சொன்னார். மூச்சைக் கவனியுங்கள், மணி அடித்ததும் கண்ணைத் திறவுங்கள் என்றார்.

மூடினேன். அத்துடன் உலகமே அணைந்துபோனது. கண்தான் எனக்குக் காது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? படிவத்தில் நான்தான் தேவையில்லை என்று சொல்லியிருந்தேனே. மூச்சு வந்தது, போனது. மணிக்காகக் காத்திருந்தேன். கால் மரத்தது. மற்றவர்களுக்கு முன்னால் கண்ணைத் திறந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று இறுக்கி மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. தோளில் ஒரு கை பட்டது.

திறந்தால், எல்லோரும் சுவரோரமாக நின்று காப்பி குடித்துக்கொண்டு என்னையே பார்த்திருந்தார்கள். சுசீலா என் முன்னால் மண்டியிட்டிருந்தார். அவர் கையிலிருந்த வெண்கல மணி சுண்டுவிரல் அளவுதான் இருந்தது.

"மிஸ்டர் மாணிக்கம், சோ டீப்! ரெண்டு தடவை மணி அடிச்சேன். நீங்க அசையவே இல்ல," என்றார். கண்ணில் ஈரமே கட்டியிருந்தது. "முதல் நாள்லயே இப்படி ஒருத்தர நான் பாத்ததில்ல."

கை தட்டினார்கள். கிரேன் பிரிவு சூப்பர்வைசர் ஹமிட் மலாய்க்காரர், எனக்குப் பத்து வருஷப் பழக்கம். "வாவ், மாஸ்டர் லா!" என்று முதுகில் தட்டினார். மணி கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. சிரித்துவைத்தேன்.

அடுத்த வகுப்பில் அனுபவத்தைப் பகிர வேண்டும் என்றார் சுசீலா. அதுவரை தினமும் காலையில் என் ஆட்களுக்கு நானே இந்தப் பயிற்சியைத் தமிழில் நடத்த வேண்டும் என்றும் சொன்னார். மனிதவளப் பிரிவில் என்னைப் படம் பிடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இருபது வருஷத்தில் என் படம் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை.

4

காலையில் வேலை தொடங்கும் முன் ஆட்களை நிறுத்திப் பாதுகாப்பு விஷயங்களைச் சொல்வது வழக்கம். அதோடு இதையும் சேர்த்தேன். கம்பெனி கொடுத்த தமிழ்ச் சுவரொட்டியில் நினைவாற்றல் பயிற்சி என்று போட்டிருந்தது. எந்த இயந்திரம் மொழிபெயர்த்ததோ! அறந்தாங்கிப் பையன்கள் மிரண்டுபோய், "பரீட்சை வைப்பாங்களாண்ணே?" என்றார்கள். கவனப் பயிற்சி என்று பேனாவால் திருத்தினேன். தலைக்கவசத்தோடு பத்துப் பேர் கண்ணை மூடி நிற்க, நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு "மூச்சக் கவனிங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். சொல்கிற இடத்தில் நிற்பவனுக்கு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் நாள், கப்பல் மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியோரம் வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கிரேன் இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தது. சரவணன் சிக்னல்மேன். நான் இருந்த அதே மேல்தளத்தில் நின்று விசிலாலும் கையாலும் கிரேனுக்கு வழி காட்டுகிற வேலை. வந்து நாலு வருஷமான புதுக்கோட்டைக்காரன். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் கப்பலின் உள்ளே. கிரேன் ஓட்டுபவர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள்.

முதுகில் ஏதோ மோதியது. குப்புற விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் சரவணன் என் மேல் கிடக்கிறான். நான் நின்றிருந்த இடத்தில், தலை உயரத்தில், குழாய்க் கட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் தோள் கம்பியில் இடித்துச் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்தது.

அரை மணி நேரத்தில் பாதுகாப்பு அதிகாரி டான் படிவத்தோடு வந்துவிட்டார். சிக்னல்மேன் ஏன் தன் இடத்தை விட்டு ஓடினான் என்று கேட்டார். மூன்று தடவை விசில் அடித்தும் நான் நகராததால்தான் ஓடி வந்ததாகச் சரவணன் சொன்னான். டான் என் பக்கம் திரும்பினார்.

"மாணிக்கம், யூ ஹியர் தி விசில் ஆர் நாட்?"

"நோ," என்றேன். அது உண்மைதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விசில் அடிக்கப்படவில்லை என்று டான் எழுதிக்கொண்டார். விசாரணை முடியும்வரை சரவணனைச் சிக்னல் வேலையிலிருந்து நிறுத்தித் துப்புரவுக்கு அனுப்பினார்கள். குற்றம் உறுதியானால் வேலை அனுமதியையே ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடலாம்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் சரவணன் நின்றிருந்தான். தோளில் கட்டு. கோபம் முகத்தில் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, நான் அடிச்சேண்ணே."

"தெரியும்டா."

"உங்களுக்குக் கேக்காதுன்னு எனக்கும் தெரியும்ணே. எங்க எல்லாருக்குமே தெரியும். அதனாலதான எப்பவும் உங்க வலது கைப் பக்கமா வந்து நின்னு பேசுறோம்? வாக்கி டாக்கில வர்றத எவனாச்சும் ஒருத்தன் திருப்பிச் சொல்றான்ல? நீங்க அத கவனிச்சதே இல்லையாண்ணே?"

கவனித்ததில்லை. ஒன்பது நாளாக அவர்களுக்குக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். யாரும் உத்தரவு போடாமல், எந்தப் படிவமும் நிரப்பாமல், பத்துப் பேர் தங்களுக்குள் பேசிவைத்து என்னைத் தாங்கியிருக்கிறார்கள்.

"நான் பாத்துக்கிறேன், போ," என்று மட்டும் சொன்னேன். ஆனால் மறுநாள் பார்க்கவில்லை, அதற்கு அடுத்த நாளும் பார்க்கவில்லை. டானின் அறைவாசல்வரை போய்த் திரும்பினேன். கூசிக் கூசி நாட்கள் போயின.

5

இரண்டாம் வகுப்பு வந்தது. அதே மெத்தை, அதே மங்கல் விளக்கு. கண்ணை மூடச் சொன்னார் சுசீலா. இந்தத் தடவை நான் மூடவில்லை.

திறந்த கண்ணோடு அறையைப் பார்த்தேன். வங்காளதேசத்து ரஃபீக் ஒரு கண்ணை மட்டும் திறந்து, அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்த்து அதையே செய்துகொண்டிருந்தார். ஹமிட் கண்ணை மூடியிருந்தார், ஆனால் இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியில், அந்தக் குளிரிலும், வியர்வை.

மணியைச் சுசீலா ஆட்டுவது தெரிந்தது. ஓசை இல்லை. எல்லோரும் கண் திறந்தார்கள்.

"மிஸ்டர் மாணிக்கம், உங்க அனுபவத்த சொல்லுங்க," என்றார்.

எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "பெல், ஐ கேனாட் ஹியர். லாஸ்ட் டைம் ஆல்சோ கேனாட் ஹியர். நாட் டீப். டெஃப்."

யாரோ பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டார்கள். சுசீலா மணியைக் கீழே வைத்தார். மறுபடி தமிழில், அது தியானம் இல்லை, செவிடு என்று முழுசாகச் சொன்னேன். படிவத்தில் அழுத்திய பொய்யைச் சொன்னேன். விசிலைச் சொன்னேன். சரவணன் துப்புரவு வேலையில் இருப்பதைச் சொன்னேன். சுசீலா அதை ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொல்லும்போது அவர் குரல் முதல் தடவையாக எனக்கு நன்றாகக் கேட்டது. அறை முழுக்க எட்டும்படி எழுந்து நின்று உரக்கச் சொன்னார்.

அப்புறம் ஹமிட் பேசினார். எப்போதோ ஒரு எண்ணெய்த் தொட்டிக்குள் அவர் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் அந்தத் தொட்டிக்குள்ளேயே போய்விடுகிறாராம். பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு இது தெரியாது. ரஃபீக், பாதி வார்த்தை புரியவில்லை, கேட்க வெட்கம் என்றார்.

சுசீலா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தப்பு," என்றார் என்னிடம் தமிழில். "அமைதியா இருந்தா எல்லாருக்கும் நல்லதுன்னு நெனச்சிட்டேன், அண்ணா. யார்கிட்டயும் கேக்கவே இல்ல."

விளக்கை முழுசாகப் போட்டார். நாற்காலிகளை வட்டமாக்கினோம். ஒவ்வொருவரையும், உங்களுக்கு எது ஒத்துவரும், எது ஒத்துவராது என்று கேட்டார். கண்ணைத் திறந்தே செய்யலாம் என்று ஆனது. மூச்சு வேண்டாதவர் பாதத்தைக் கவனிக்கலாம். ரஃபீக்குக்கு அடுத்திருந்தவர் வங்காள மொழியில் சொல்லிக் கொடுத்தார். நடுவில் ஒரு மரமேசையை இழுத்துப் போட்டு எல்லோரும் உள்ளங்கையை அதன்மேல் வைத்தோம். முடிக்கும் நேரம் வந்ததும் மணிக்குப் பதிலாகச் சுசீலா மேசையில் ஓங்கித் தட்டினார். கையெல்லாம் அதிர்ந்தது. எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நொடியில்.

அன்று மனம் அமைதியானதா என்று கேட்டால், இல்லை. களைப்பு மட்டும் கொஞ்சம் இறங்கியது.

6

மறுநாள் காலை டானிடம் போய், விசில் அடித்தான், எனக்குத்தான் கேட்கவில்லை என்றேன். படிவத்தைத் திருத்த இன்னொரு படிவம் கொடுத்தார்.

"ஒய் யூ நெவர் சே?" என்றார். பதிலுக்கு எந்தக் கட்டமும் அதில் இல்லை.

சரவணன் மறுவாரம் சிக்னலுக்குத் திரும்பினான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். மேல்தளத்துக்கு இனி ஏற முடியாது. அலுவலகத்தில், அன்றன்றைய வேலைகளுக்கான பாதுகாப்பு அனுமதிச் சீட்டுகளைச் சரிபார்க்கும் மேசை கொடுத்தார்கள். கண்ணாடி வழியாகக் கப்பலைப் பார்க்கலாம். பயந்ததுதான் நடந்தது. ஆனால் சீட்டு வாங்க வருகிற ஆட்கள் என் வலது பக்கம் வந்து, முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.

செல்வியிடம் சொன்னேன். "நான் கூப்புட்டுத் திரும்பலன்னா கோவத்துல இருக்கீங்கன்னு நெனச்சேன். இத்தன வருஷமா," என்றாள். அவள் மருத்துவமனைச் சமையலறையில் மாலை ஷிஃப்ட். நாங்கள் பேசிக்கொள்ளும் நேரமே குறைவு. அதிலும் பாதி இப்படிப் போயிருக்கிறது.

காது மருத்துவரிடம் மொழிபெயர்க்கக் கயல் வந்தாள். மருத்துவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். மெல்லிய ஓசைகள்தான் முதலில் போகும், பெண்கள் குரல், பிள்ளைகள் குரல், அதிலும் ஆங்கிலத்தின் பல எழுத்துகள் என்று விளக்கினார். கயல் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள். வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு புரியாதது என் ஆங்கிலம் போதாததால் என்று நான் நினைத்திருந்தேன். அவள் என்ன நினைத்திருந்தாள் என்பது பஸ் நிறுத்தத்தில்தான் தெரிந்தது.

"அப்பா, மூணு மாசம் முன்னாடி டின்னர்ல உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க."

"என்னம்மா சொன்னே?"

"ஸ்கூல்ல எனக்கு மூச்சு விட முடியாம போச்சு. ட்வைஸ். எக்ஸாம் ஹால்ல. ஸ்கூல் கவுன்சிலர் உங்கள பாக்கணும்னு சொன்னாங்கன்னு சொன்னேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீங்க வெரி குட்மான்னு சொல்லிட்டு, தட்ட எடுத்துட்டுப் போயிட்டீங்க."

பஸ் வந்து நின்று, போனது.

"அம்மாகிட்ட?"

"அம்மா அழுவாங்க. கவுன்சிலர்கிட்ட, அப்பா கப்பல்ல இருக்காரு, வர முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அந்தச் சாப்பாடு எனக்கு ஞாபகமே இல்லை. எல்லாவற்றுக்கும் நல்லது, சரி என்று தலையாட்டிப் பழகிய நாட்களில் அதுவும் ஒன்று. அவளைத் தொடலாமா என்று தெரியாமல் நின்றேன். அவள் பையைத்தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொள்ள முடிந்தது.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து மூன்று பேரும் பள்ளிக்குப் போனோம். காதில் புதுக் கருவி, அதில் மின்விசிறிகூட இரைந்தது. பிள்ளைகளின் மனக் கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்கிற அந்தக் கவுன்சிலர் இளம் சீனப் பெண். அவரும் கயலும் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசத் தொடங்கினார்கள். செல்வி தலையாட்டினாள். நானும் பழக்கதோஷத்தில் தலையாட்டப் போனேன்.

கையைத் தூக்கினேன்.

"சாரி," என்றேன். "எனக்குப் புரியல. கயல், கொஞ்சம் மெதுவா. மொதல்லேர்ந்து சொல்லும்மா."

கயல் கவுன்சிலரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தூக்கி எனக்கு எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.